எப்போதாவது மட்டும் திணறும் டேட்டாபேஸ் சர்வர்: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டது இப்படி. லினக்ஸில் ஓடும் மைஎஸ்க்யூஎல் 8.0 சர்வர். நாள் முழுக்க லோடு ஆவரேஜ் 2, 3 என்று அமைதியாக இருக்கிறது. திடீரென்று, எந்த நேரத்தில் என்றே சொல்ல முடியாமல், 80-ஐத் தாண்டுகிறது. கனெக்‌ஷன்கள் நிரம்பி, புதிதாக வருபவை எல்லாம் பிழைச் செய்தியோடு திரும்புகின்றன. பத்து நிமிடத்தில் தானாகவே சரியாகிவிடும், இல்லையென்றால் யாராவது பொறுமை இழந்து ரீஸ்டார்ட் செய்துவிடுவார்கள். ஸ்லோ குவரி பதிவை, அதாவது நேரம் பிடித்த குவரிகளை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகளை) மைஎஸ்க்யூஎல் எழுதிவைக்கும் கோப்பைத் திறந்தால் நூற்றுக்கணக்கான குவரிகள் கிடக்கின்றன; எல்லாமே மற்ற நேரங்களில் சில மில்லிவிநாடிகளில் முடிபவை. கனெக்‌ஷன் வரம்பை 151-லிருந்து 500 ஆக்கினீர்கள், ராமையும் கூட்டினீர்கள், மாற்றம் இல்லை. எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும் என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் உண்மையான பிரச்சினை, நீங்கள் போய்ப் பார்ப்பதற்குள் காணாமல் போய்விடும் ஒன்றை எப்படிப் பிடிப்பது என்பதுதான். அதற்குத்தான் முதலில் பதில் சொல்கிறேன். செட்டிங்கெல்லாம் அப்புறம், பல சமயம் அதற்குத் தேவையே வராது.

உறுதியாகச் சொல்லக்கூடியவற்றிலிருந்து தொடங்கலாம். லோடு ஆவரேஜ் என்பது சிபியூ எவ்வளவு வேலை செய்கிறது என்ற கணக்கு அல்ல. லினக்ஸில் அது இரண்டு கூட்டத்தைச் சேர்த்து எண்ணுகிறது: சிபியூவில் ஓடுபவையும் அதற்காக வரிசையில் நிற்பவையும் ஒன்று, பெரும்பாலும் டிஸ்க்குக்காகக் காத்து, இடையில் எழுப்ப முடியாத உறக்கத்தில் இருப்பவை இன்னொன்று. இந்த இரண்டாவது கூட்டம் 1993-இல் சேர்க்கப்பட்டது. அதனால் லோடு 80 இருக்கும்போது சிபியூ சும்மா கிடப்பதும் நடக்கும். இதிலிருந்து ஒரு பயனுள்ள முடிவுக்கு வரலாம். டேபிளின் ஒரு ரோவை (தரவு வரியை) வேறொருவர் பிடித்திருக்கும் பூட்டுக்காக, அதாவது ரோ லாக்குக்காக, மைஎஸ்க்யூஎல்லில் தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபிக்குள் காத்திருக்கும் த்ரெட்டுகள் சாதாரண உறக்கத்தில்தான் இருக்கும். அவை லோடில் சேராது. ஆகவே பூட்டுத் தகராறு மட்டும்தான் காரணம் என்றால் கனெக்‌ஷன்கள் நிரம்பும், ஆனால் லோடு ஏறாது. உங்களுக்கு இரண்டும் சேர்ந்து ஏறுகிறது. அப்படியானால் சிபியூவிலோ டிஸ்க்கிலோ நிஜமான நெரிசல் இருக்கிறது. பூட்டு அதற்கு முன்கதையாக இருக்கலாம், முழுக்கதையாக இருக்க முடியாது.

அடுத்து, ஸ்லோ பதிவில் இருக்கும் அந்த நூற்றுக்கணக்கான குவரிகள். அவற்றில் கிட்டத்தட்ட அனைத்தும் குற்றவாளிகள் அல்ல, பாதிக்கப்பட்டவர்கள். ரயில்வே கேட் இரண்டு நிமிடம் மூடினால் பின்னால் நிற்கும் வண்டிகளில் எது பழுது என்று யாரும் தேட மாட்டோம். டேட்டாபேஸில் மட்டும் அதைத்தான் செய்கிறோம். கணக்கு எளிது. 1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதிப்படி, ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும் வேலைகளின் எண்ணிக்கை என்பது, விநாடிக்கு எத்தனை வருகின்றன என்பதை ஒவ்வொன்றும் எடுக்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. விநாடிக்கு 400 குவரிகள், ஒவ்வொன்றும் 5 மில்லிவிநாடி என்றால் சராசரியாக 2 குவரிகள்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஏதோ ஒரு காரணத்தால் அந்த 5 மில்லிவிநாடி 1 விநாடி ஆகிவிட்டால் 400. உங்கள் பழைய வரம்பான 151 அரை விநாடிக்குள் நிரம்பிவிடும். வரம்பை 500 ஆக்கியதால் நெரிசல் குறையவில்லை; ஏற்கெனவே மூச்சுவாங்கும் சர்வருக்குள் இன்னும் சுமார் முந்நூற்றைம்பது பேரை அனுமதித்தீர்கள், அவ்வளவுதான். அதைத் திருப்பிக் குறைக்கச் சொல்வேன்.

எல்லாமே மெதுவாகிவிடும் சமயத்தில் மெதுவான குவரிகளின் பட்டியல் எதையும் சொல்லாது. ஆனால் அதே பதிவை வேறு விதமாகப் படிக்கலாம். அதில் வரிகள் எழுதப்படுவது குவரி முடிந்த வரிசையில், தொடங்கிய வரிசையில் அல்ல. 8.0.14 பதிப்பிலிருந்து ஒவ்வொரு குவரிக்கும் மேலே வரும் 'செட் டைம்ஸ்டாம்ப்' வரி, அது தொடங்கிய நேரத்தைக் காட்டுகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் அது பதிவான நேரம். தொடங்கிய நேரப்படி அடுக்கிப் பாருங்கள். நெரிசலுக்குச் சற்று முன்னால் தொடங்கி, எல்லோரையும் விட நீண்ட நேரம் ஓடிய ஒன்றிரண்டு மேலே வந்து நிற்கும். சந்தேகத்தை அங்கிருந்து தொடங்கலாம். ஒரே சிக்கல், முடிந்த குவரிகள்தான் பதிவாகும். ரீஸ்டார்ட் செய்தால், ஓடிக்கொண்டிருந்த அந்த முக்கியமான குவரி பதிவாகாமலே போய்விடும். ரீஸ்டார்ட்டை நான் எதிர்ப்பதற்கு முதல் காரணம் இது. இரண்டாவது, நினைவகத்தில் சூடாக இருந்த பக்கங்கள் எல்லாம் போய், டிஸ்க்கிலிருந்து மீண்டும் வாசிக்க வேண்டியிருக்கும். சரிசெய்த கையோடு அடுத்த நெரிசலுக்கும் ஏற்பாடு செய்தது போல ஆகிவிடும்.

சரி, பொறி வைப்பதற்கு வருவோம். பெர்கோனா டூல்கிட் என்ற கருவித் தொகுப்பில் 'பிடி-ஸ்டாக்' என்ற கருவி இதற்காகவே இருக்கிறது. 'த்ரெட்ஸ் ரன்னிங்' என்ற எண்ணிக்கையை, அதாவது அந்தக் கணத்தில் எத்தனை த்ரெட்டுகள் வேலை செய்கின்றன என்பதை, விநாடிக்கு ஒருமுறை பார்க்கும். அது தொடர்ந்து 5 முறை 25-ஐத் தாண்டினால் 30 விநாடிகளுக்கு எல்லாவற்றையும் கோப்புகளில் சேகரித்து வைக்கும். இவை அதன் இயல்பு மதிப்புகள். உங்களுக்கு அமைதியான நேரத்தில் அந்த எண் 2, 3 என்றால், வரம்பை 15-க்கு இறக்கி, 2 முறை தாண்டினாலே பிடிக்கச் சொல்லுங்கள். நமக்கு வேண்டியது நெரிசலின் உச்சம் அல்ல, முதல் சில விநாடிகள். 80-க்குப் போன பிறகு எடுக்கும் படத்தில் கூட்டம் மட்டும்தான் தெரியும். கருவியை நிறுவ அனுமதி இல்லையென்றால், மைஎஸ்க்யூஎல்லின் 'ஷோ ஃபுல் பிராசஸ்லிஸ்ட்' (ஓடும் குவரிகளின் பட்டியல்), 'ஷோ என்ஜின் இன்னோடிபி ஸ்டேட்டஸ்', லினக்ஸின் விஎம்ஸ்டாட் (சிபியூ, நினைவகம்), ஐஓஸ்டாட் (டிஸ்க்) இந்த நான்கின் வெளியீட்டையும் சில விநாடிகளுக்கு ஒருமுறை நேரத்தோடு கோப்பில் எழுதும் சின்ன ஸ்கிரிப்ட் போதும். அழகாக இருக்க வேண்டியதில்லை, விடாமல் ஓட வேண்டும். பழைய கோப்புகளை அழிக்க மறக்காதீர்கள். பொறியே டிஸ்க்கை நிரப்பிவிட்டால் கதை வேறாகிவிடும். வரம்பு நிரம்பிய பின்னும் உயர் அனுமதி உள்ள கணக்கு ஒன்றுக்காக மைஎஸ்க்யூஎல் ஒரு கூடுதல் இடம் வைத்திருக்கிறது. அந்தக் கணக்கை உங்களுக்கும் இந்த ஸ்கிரிப்ட்டுக்கும் ஒதுக்குங்கள். அப்ளிகேஷனே அந்த அனுமதியோடு ஓடினால் அந்த இடத்தையும் அதுவே பிடித்துக்கொள்ளும்.

ஏற்கெனவே மானிட்டரிங் இருக்கிறதே என்பீர்கள். 10 நிமிடத்துக்கு ஒரு புள்ளி எடுக்கும் 'சார்' (sar) என்ற லினக்ஸ் கருவி போன்றவற்றில், 40 விநாடிகள் டிஸ்க் முழுதாக அடைத்துக்கொண்டது ஒரு சின்ன மேடாகக்கூடத் தெரியாது. சராசரி அதைக் கரைத்துவிடும்.

பிடித்த படத்தை எப்படிப் படிப்பது? முதலில் விஎம்ஸ்டாட். 'ஆர்' பத்தி பெரிதாக, யூசர் நேரம் உச்சத்தில் என்றால் சிபியூ நெரிசல்: மோசமான வழியில் ஓடும் குவரி, அல்லது ஒரே குவரி ஒரே சமயத்தில் நூறு பேரால். 'பி' பத்தி பெரிதாக, ஐஓ காத்திருப்பு அதிகம் என்றால் டிஸ்க். 'எஸ்ஐ', 'எஸ்ஓ' இரண்டிலும் தொடர்ந்து எண்கள் வந்தால் ஸ்வாப், அதாவது ராம் போதாமல் டிஸ்க்கை நினைவகமாகப் பயன்படுத்துவது. டேட்டாபேஸ் சர்வரில் அது எவ்வளவு குறைவாக இருந்தாலும் நல்லதல்ல. 'எஸ்டி' ஏறினால், மெய்நிகர் இயந்திரத்துக்கு வர வேண்டிய சிபியூ நேரம் அதற்குக் கிடைக்கவில்லை. உங்கள் குவரியில் தேடிப் பயனில்லை. ஐஓஸ்டாட்டில் சதவீதப் பயன்பாட்டை நம்ப வேண்டாம். ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளைக் கையாளும் எஸ்எஸ்டியில் 100 சதவீதம் என்றால் நிரம்பிவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு கோரிக்கை சராசரியாக எவ்வளவு காத்திருந்தது என்ற எண்ணைப் பாருங்கள். வழக்கமாக 1 மில்லிவிநாடி இருந்தது 60 ஆகியிருந்தால் விஷயம் அங்கே இருக்கிறது.

அப்புறம் பிராசஸ்லிஸ்ட். நீளத்தைப் பார்த்து மிரள வேண்டாம். அதிக நேரம் ஓடிக்கொண்டிருப்பது எது, பெரும்பான்மையானவை எந்த நிலையில் நிற்கின்றன என்ற இரண்டு மட்டும் போதும். எல்லோரும் டேபிளின் மெட்டாடேட்டா பூட்டுக்காக (அதன் அமைப்பைக் காக்கும் பூட்டு) காத்திருந்தால் கதை பெரும்பாலும் இதுதான்: யாரோ ஒரு நீண்ட செலக்டை (தரவை வாசிக்கும் குவரி) ஓடவிட்டார்கள், அதே டேபிளில் வேறொருவர் ஆல்டர் (அமைப்பை மாற்றும் கட்டளை) கொடுத்தார், ஆல்டர் அந்த செலக்ட் முடியக் காத்திருக்கிறது, அதன் பிறகு வந்த ஒவ்வொரு சாதாரண செலக்டும் ஆல்டருக்குப் பின்னால் நிற்கிறது. இந்தக் காத்திருப்புக்கான இயல்பு வரம்பு 3,15,36,000 விநாடிகள், அதாவது ஓர் ஆண்டு. ரோ லாக்குக்கு 50 விநாடிகள். இன்னொரு பொறி, 'ஸ்லீப்' என்று காட்டும் கனெக்‌ஷன்கள். தூங்குகிறது, தொல்லையில்லை என்று தாண்டிப்போய்விடுவோம். பரிவர்த்தனையைத் தொடங்கிவிட்டு கமிட் செய்யாமல், அதாவது முடித்து உறுதிப்படுத்தாமல், தூங்கும் ஒன்று, பூட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறது. இன்னோடிபியின் பரிவர்த்தனைப் பட்டியலில் தொடங்கிய நேரத்தைப் பார்த்தால் மாட்டும்.

இனி யாரைச் சந்தேகிப்பது என்பது. 'எந்த ஒழுங்கும் இல்லை' என்று நீங்கள் சொல்வதை நான் முழுதாக ஏற்க மாட்டேன். மணிக்கு ஒருமுறை ஓடும் அறிக்கை, 7 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடும் ஏதோ சின்க், ஆட்கள் வரத்தின் ஏற்ற இறக்கம் இந்த மூன்றும் மோதும் நேரங்களை மட்டும் பார்த்தால் குலுக்கல் முறையில் நடப்பது போலத்தான் தெரியும். சம்பவ நேரங்களை ஒரு தாளில் எழுதி, டேட்டாபேஸ் சர்வரின் கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியல்) மட்டுமல்ல, அதோடு பேசும் எல்லா இயந்திரங்களின் கிரானையும் பக்கத்தில் வையுங்கள். ஹார்டுவேருக்கும் அதன் சொந்தக் காலண்டர் உண்டு. டெபியன் லினக்ஸில் சாஃப்ட்வேர் ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் முறை) இருந்தால் மாதத்தின் முதல் ஞாயிறு அது முழு டிஸ்க்கையும் வாசித்துச் சரிபார்க்கும். பேட்டரி வைத்த பழைய ரெய்டு கார்டுகள் சில மாதங்களுக்கு ஒருமுறை பேட்டரியைக் காலிசெய்து மறுபடி ஏற்றிச் சோதிக்கும். அந்த நேரத்தில் எழுதும் கேஷ் அணைந்து, ஒவ்வொரு கமிட்டும் டிஸ்க் வரை போய்வர வேண்டியிருக்கும். அது நடக்கிறது என்று மைஎஸ்க்யூஎல்லுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கார்டின் நிகழ்வுப் பதிவில் மட்டும் ஒரு வரி இருக்கும்.

கிளவுடில் ஓடுகிறதென்றால் இருப்புக் கணக்கைப் பாருங்கள். அமேசானின் 'ஜிபி2' (gp2) வகை டிஸ்க், ஒவ்வொரு ஜிபி கொள்ளளவுக்கும் விநாடிக்கு 3 வாசிப்பு, எழுத்துச் செயல்பாடுகள் என்ற அடிப்படை வேகத்தில் ஓடும். சிறிய டிஸ்க்குகள் சேர்த்துவைத்த கிரெடிட்டைச் செலவழித்து 3,000 வரை பாயும். நிரம்பிய கிரெடிட் முழு வேகத்தில் சுமார் அரை மணி நேரம் தாங்கும். தீர்ந்த நொடியில் 100 ஜிபி டிஸ்க் 300-க்கு இறங்கிவிடும். நேற்று தாங்கிய அதே வேலை இன்று தாங்காததற்கு இதைவிட எளிய விளக்கம் அபூர்வம்.

அப்ளிகேஷன் தயாராக எடுத்துவைத்த விடையின், அதாவது கேஷின், காலாவதியும் நல்ல சந்தேக நபர். முகப்புப் பக்கத்துக்கான கனமான குவரியின் விடை கேஷில் இருக்கிறது. அது காலாவதியாகும் கணத்தில் வந்த 200 பேரும் அதே குவரியைத் தாங்களே ஓட்டுகிறார்கள். ஒருவர் ஓட்டினால் 1 விநாடி, 200 பேர் ஓட்டினால் யாருக்குமே முடியாது, முடியாததால் கேஷும் நிரம்பாது, அதற்குள் இன்னும் 200 பேர். பிராசஸ்லிஸ்டில் ஒரே குவரி, ஒரே மதிப்புகளோடு வரிசையாகத் தெரிந்தால் இதுதான். கேஷை நிரப்பும் வேலையை ஒருவர் மட்டும் செய்யட்டும், மற்றவர்கள் பழைய விடையை வாங்கிப் போகட்டும் என்று அப்ளிகேஷனில் மாற்ற வேண்டும். டேட்டாபேஸில் இதற்கு மருந்து கிடையாது.

குவரியின் வழி, அதாவது தரவைத் தேடி எடுக்கும் திட்டம், தானாக மாறுவதும் உண்டு. இன்னோடிபி ஒரு டேபிளில் சுமார் 10 சதவீத ரோக்கள் மாறியதும் அதன் புள்ளிவிவரங்களைப் பின்னணியில் புதுப்பிக்கும். இயல்பாக 20 பக்கங்களை மாதிரி எடுத்துப் பார்த்துதான் முடிவு செய்கிறது. பெரிய, சமச்சீரில்லாத டேபிளில் அந்த 20 பக்கங்கள் வேறு கதை சொன்னால், வழியைத் தேர்ந்தெடுக்கும் ஆப்டிமைசர் இன்னொரு இண்டெக்ஸுக்குத் தாவிவிடும். யாரும் எதையும் மாற்றவில்லை, ஆனாலும் குவரி மாறிவிட்டது. சம்பவத்தின்போதே அந்தக் குவரிக்கு எக்ஸ்ப்ளெய்ன் (எந்த வழியில் ஓடும் என்று காட்டும் கட்டளை) எடுத்து வைத்தால்தான் இதை நிரூபிக்க முடியும். மறுநாள் எடுத்தால் பழைய வழியே காட்டக்கூடும். ஆனால் இது அடுத்த பத்து நிமிடத்தில் தானாகச் சரியாவது குறைவு. அதனால் உங்கள் விஷயத்தில் இதைப் பட்டியலின் கீழே வைக்கிறேன்.

எழுதும் வேலை அதிகமென்றால் ரீடூ லாகின் (மாற்றங்களை இன்னோடிபி முதலில் குறித்துவைக்கும் பதிவு) அளவைப் பாருங்கள். 8.0.30 முதல் அதன் இயல்பு அளவு 100 எம்பி, அதற்கு முன் 48 எம்பி கோப்புகள் இரண்டு. மும்முரமான சர்வருக்கு இது மிகக் குறைவு. இடம் தீரப்போகும்போது இன்னோடிபி மற்ற வேலைகளை நிறுத்திவைத்து அழுக்குப் பக்கங்களை (நினைவகத்தில் மாறி, டிஸ்க்கில் இன்னும் எழுதப்படாதவை) டிஸ்க்குக்குத் தள்ளத் தொடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் காரணமில்லாத முடக்கம். அப்புறம், ராமைக் கூட்டினேன் என்கிறீர்களே, பஃபர் பூல் (இன்னோடிபி தரவுப் பக்கங்களை நினைவகத்தில் வைக்கும் இடம்) அளவையும் கூட்டினீர்களா? அது இயல்பாக 128 எம்பிதான். கைவைக்காமல் விட்டிருந்தால் புது ராமை இன்னோடிபி தனக்கென்று எடுத்துக்கொண்டிருக்காது.

ஒற்றைக் குற்றவாளி இல்லாமலும் போகலாம். வரிசைக் கோட்பாட்டின் எளிய மாதிரியில், சாதனம் பாதி நிரம்பியிருந்தால் ஒரு வேலை தன் நேரத்தைப் போல 2 மடங்கு எடுக்கும். 80 சதவீதத்தில் 5 மடங்கு, 90-இல் 10, 95-இல் 20. நிஜ சர்வர் இந்த எண்களை அப்படியே பின்பற்றாது, ஆனால் வளைவின் வடிவம் இதுதான். நாள் முழுக்க 85 சதவீதத்தில் ஓடும் டிஸ்க்குக்கு ஒரு சின்ன அறிக்கை போதும் செங்குத்தில் ஏற. அப்போது அந்த அறிக்கையைத் திட்டுவதில் பயனில்லை, இடம் இல்லை என்பதுதான் விஷயம்.

போஸ்ட்கிரெஸ் என்ற வேறு டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கும் தேடும் முறை இதேதான், இடங்கள் வேறு. 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி'யில் காத்திருப்புக் காரணம் 9.6 முதல் தெரிகிறது. அதைத்தான் விநாடிக்கு விநாடி சேமிக்க வேண்டும். இயல்பாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் செக்பாயின்ட் (மாறிய பக்கங்களை டிஸ்க்கில் எழுதுவது), பெரிய டேபிளில் ஆட்டோவேக்யூம் (பழைய ரோக்களைத் தானாகத் துப்புரவு செய்வது), பரிவர்த்தனைக்குள் சும்மா நிற்கும் செஷன்கள் அங்கே முதல் சந்தேக நபர்கள். எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு மதிப்புக்காகத் தயாரித்த திட்டம் வேறு மதிப்புக்கு ஒட்டாமல் போவது பிரபலம். 2016 பதிப்பில் வந்த குவரி ஸ்டோர் அதைக் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் விவரங்களை மட்டும் வைத்துப் பந்தயம் கட்டச் சொன்னால், டிஸ்க் மந்தமாவதை முதலிலும் கேஷ் காலாவதியை இரண்டாவதாகவும் சொல்வேன். சம்பந்தமில்லாத குவரிகள் எல்லாம் ஒன்றாக மெதுவாவது, லோடு ஏறுவது, தானாகவே தெளிவது மூன்றும் டிஸ்க் மந்தமாவதோடு பொருந்துகின்றன. ஆனால் இது ஊகம்தான். ஸ்வாப்பும், பக்கத்து இயந்திரம் சிபியூவைப் பிடுங்குவதும் இதே மூன்று அறிகுறிகளைத் தரும்; விஎம்ஸ்டாட்டும் ஐஓஸ்டாட்டும் இல்லாமல் இவற்றைப் பிரிக்க யாராலும் முடியாது.

பொறி மாட்டும் வரை சேதத்தைக் குறைக்கலாம். கனெக்‌ஷன் வரம்பை 151-க்கே இறக்குங்கள். அதைவிட முக்கியம், அப்ளிகேஷன் பக்கப் பூலை (அது திறந்து வைத்துக்கொள்ளும் கனெக்‌ஷன்களின் தொகுப்பை) 30, 40-க்குள் கட்டுங்கள். செலக்ட்டுகளுக்கு 'மேக்ஸ் எக்ஸிகியூஷன் டைம்' வரம்பு வையுங்கள். அது மில்லிவிநாடிக் கணக்கு, 5 என்று போட்டுவிடாதீர்கள். டைம்அவுட் ஆனதும் உடனே மறுமுறை முயலும் கோடு இருந்தால், இடைவெளியை ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டு போகுமாறு மாற்றுங்கள். நெரிசலில் மறுமுயற்சி என்பது தாக்குதல் மாதிரிதான். ஒரு சம்பவம் மாட்டியதும் முடிவுக்கு வந்துவிடாமல், இரண்டு மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதல் பத்து விநாடிகளை ஒப்பிடுங்கள். அந்தப் பத்து விநாடிகளின் விஎம்ஸ்டாட், ஐஓஸ்டாட், பிராசஸ்லிஸ்டில் மிகப் பழைய ஐந்து வரிகள் இவற்றை அனுப்பினால், ஊகமாக இல்லாமல் பதில் சொல்ல முடியும்.